உப்புக்கோட்டை விலக்கில் நின்ற கார்

1

அம்மாவின் முதல் வருஷ திதிக்கு ஊருக்குப் போய் வந்ததைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி சின்னமனூர் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் எப்படியெல்லாம் ஏங்குகிறார்கள் என்று எழுதுங்கள் என்றார். அப்படி எழுத என்னிடம் சரக்கு இல்லை. ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். அதற்குள் மற்றதெல்லாம் வந்துவிடும்.

நான் ஓடைப்பட்டிக்காரன். கனடாவில் வினிபெக் நகரத்துக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. இங்கே ஒரு பஸ் டிப்போவில் எலெக்ட்ரிக்கல் டெக்னீஷியன். நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பாடு தெரிந்ததுதான். வீட்டில் காரை நிறுத்தியதும் அதன் மூக்கில் தொங்கும் ஒயரை எடுத்துச் சுவரில் இருக்கும் பிளக்கில் செருக வேண்டும். எஞ்சினுக்குச் சூடு கொடுத்து வைத்தால்தான் காலையில் கிளம்பும். டிப்போவுக்குப் போனால் அங்கே வரிசையாகப் பஸ்கள். கிளம்பாதவை, கிளம்பி நின்றவை, காரணமில்லாமல் விளக்கு எரிகிறவை. லேப்டாப்பைச் செருகி ஒவ்வொன்றின் எஞ்சின் கம்ப்யூட்டரும் என்ன சொல்கிறது என்று படிப்பேன். பழுது அந்தப் பெட்டியிலேயே இருந்தால் கழற்றி வேறு போடுவேன். பதினேழு வருஷமாக என் சோறு அந்தப் பெட்டியிலிருந்து வருகிறது.

எஞ்சினுக்கு எப்போது பெட்ரோல் விட வேண்டும், எப்போது பொறி தட்ட வேண்டும் என்று கணக்குப் போடுவது அதுதான். நம் ஊர் மெக்கானிக்குகள் இசிஎம் என்பார்கள். அது நின்றால் எஞ்சின் நிற்கும். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தாலும் நிற்கும்.

ஊரில் எங்களுக்கு ஒரு கார் இருந்தது. இங்கே வந்த நாலாவது வருஷம் அம்மா பெயரில் வாங்கிக் கொடுத்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். தம்பி பாண்டிதான் அம்மாவை வைத்துக்கொண்டு திராட்சைத் தோட்டத்தையும் பார்த்தான். அவனுக்குக் கார் தேவைப்படவில்லை, பைக்கே போதும். இரண்டு முறை விற்றுவிடலாமா என்று கேட்டான். நான் வருகிற போதெல்லாம் வாடகைக் காருக்கு எங்கே போவது, இருக்கட்டும் என்றேன். அம்மாவும் விடவில்லை. பெரியவன் வாங்கின கார் வாசலில் நிற்க வேண்டும் அவளுக்கு.

2

போன வருஷம் சித்திரையில், உச்சி வெயிலில், அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. பாண்டி 108-ஐக் கூப்பிடப் போனை எடுத்திருக்கிறான். அம்மா, "அவுக வர்றதுக்குள்ள நாம போயிரலாம், பெரியவன் காரை எடு" என்றாளாம். பாண்டியின் மனைவி மகேஸ்வரி பின்சீட்டில் அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டாள். சீப்பாலக்கோட்டை தாண்டிச் சின்னமனூர் வந்து, கம்பம் ரோட்டைப் பிடித்துத் தேனிப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

உப்புக்கோட்டைக்கு ரோடு பிரியும் விலக்கில் கார் நின்றுவிட்டது.

எந்தச் சத்தமும் இல்லாமல், விளக்கை அணைத்த மாதிரி நின்றது என்று மகேஸ்வரி சொன்னாள். பாண்டி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பானட்டைத் திறந்தான். ரோட்டில் நின்று கையைக் காட்டினான். அதற்குப் பிறகு 108-க்கும் அடித்தான். வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு மினி லாரிக்காரர்தான் நிறுத்தி அம்மாவைத் தன் பக்கத்துச் சீட்டில் ஏற்றிக்கொண்டார். வீரபாண்டி ஊரைத் தாண்டும்போது அம்மாவின் தலை சாய்ந்துவிட்டது. தேனியில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாராம்.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் தங்கவேல் மாமா காரை எடுத்துவரப் போனார். அம்மாவின் தம்பி. மார்க்கையன்கோட்டையில் நெல் வயல் வைத்திருப்பவர். மகேஸ்வரியின் அப்பாவும் அவர்தான். அக்கா வீட்டுக்கே மகளைக் கொடுத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கேனில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு டிராக்டர் டிரைவரோடு போயிருக்கிறார். ஊற்றினார்கள். சாவியைத் திருப்பினார்கள். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மாமா காரை வாசலில் நிறுத்தி இறங்கிவந்து, பந்தலில் இருந்த எல்லோர் முன்னாலும் பாண்டியிடம் கேட்டாராம். "பெட்ரோல் இல்லாத வண்டியிலயாடா எங்க அக்காளைத் தூக்கிட்டுப் போன?"

 மறுநாள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அம்மா மேல் போர்த்திவிட்டு மாமா கிளம்பினார். அதோடு அந்த வாசலை மிதிக்கவில்லை. மகேஸ்வரி பிறந்த வீட்டுக்குப் போவதும் நின்றது.

3

இங்கே நான் காலையில் எழுந்து பார்த்தபோது போனில் பதினோரு மிஸ்டு கால். பாண்டியைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னான். அதற்குள் உறவுக்காரர் ஒருவர் எனக்கு வாட்ஸப்பில் பெட்ரோல் கதையை அனுப்பியிருந்தார். நான் கத்தினேன். "பெட்ரோல்கூடப் பாக்க மாட்டியாடா நீ?"

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். கட்டாகவில்லை.

ஊருக்குப் போகவும் என்னால் முடியவில்லை. இரண்டு மாதம் முன்புதான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தேன். பழைய பாஸ்போர்ட் இனிச் செல்லாது, புதிய பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை, வந்தாலும் சொந்த ஊருக்குப் போக விசா வாங்க வேண்டும். ஒவ்வொரு அலுவலகமாக அடித்துப் பார்த்தேன். அவசரம் என்றால் சான்றிதழ் காட்டுங்கள் என்றார்கள். இறந்து ஒரு நாள்கூட ஆகாதவளுக்கு எந்தச் சான்றிதழைக் காட்டுவது?

டிப்போவில் லீவு கேட்கப் போனேன். பதினாறு வருஷம் பேசிய இங்கிலீஷ் அன்றைக்குக் காலை வாரிவிட்டது. "மை மதர் எக்ஸ்பயர்ட்" என்றேன். நம் ஊர் அலுவலகங்களில் காலமானார் என்பதற்கு அப்படித்தான் எழுதுவோம், சொல்லுவோம். அந்தப் பெண் ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே, "எது எக்ஸ்பயர் ஆனது? பாஸ்போர்ட்டா, லைசென்ஸா?" என்று கேட்டாள். இந்த ஊரில் அந்தச் சொல் காகிதத்துக்கும் பால் பாக்கெட்டுக்கும் மட்டும்தான். அம்மா செத்துவிட்டாள் என்று பச்சையாகச் சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள்.

சுடுகாட்டைப் போனில் பார்த்தேன். அம்மாவுக்கு இளையவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். பாண்டி மொட்டைத் தலையோடு குடத்தைச் சுமந்து சுற்றி வந்தான். மகள் யாழினியைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. சின்னப் பிள்ளையில் அப்பத்தா அப்பத்தா என்று போனைப் பிடுங்கியவள். அன்றைக்குக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க அம்மாவுக்காக வருத்தப்படுறேன்பா" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். என் அம்மா. அவளுடைய அப்பத்தா இல்லை. அதற்கு அவளை நொந்து என்ன செய்ய? எட்டு வயதுக்குப் பிறகு அவளை நான் ஊருக்குக் கூட்டிப் போகவே இல்லை.

4

இந்த வருஷம் திதிக்குத் தனியாகத்தான் போனேன். யாழினிக்குப் பரீட்சை, மனைவிக்கு வேலை. பாண்டி மதுரைக்கு வந்து கூட்டிப்போனான். வாடகைக் காரில் வந்திருந்தான். எங்கள் கார் வீட்டுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டத்தை ஒட்டி, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"அதை எடுக்கறதில்லையா?"

"இல்லண்ணே. யாரும் ஏற மாட்டேன்றாக."

விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். அம்மா பெயரில் இருந்ததால் வாரிசுச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதில் என் பெயர் அப்பாவின் இனிஷியலோடு ஒரு மாதிரி, என் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரே எனக்குக் குடும்பப் பெயராகி வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று தாசில்தார் ஆபீஸுக்கும் நோட்டரிக்கும் மூன்று நாள் அலைந்து நிரூபித்தேன். வாங்குவதாகச் சொன்ன தேவதானப்பட்டி வியாபாரி, ஓடுகிற வண்டி என்றால் பேசலாம் என்றார். அதனால் தார்ப்பாயை எடுத்தேன்.

பாட்டரி மாற்றியதும் கிளம்பியது. சின்னமனூர் வரை போய்த் திரும்பினேன். திரும்பும் வழியில், வெயில் ஏறிய நேரம், சீப்பாலக்கோட்டைக்கு வெளியே நின்றது. விளக்கை அணைத்த மாதிரி. மகேஸ்வரி சொன்ன அதே விதம்.

பெட்ரோல் முள் பாதிக்கு மேல் இருந்தது.

புளிய மர நிழலில் காரைத் தள்ளிவிட்டுக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்பியது. சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையில் எங்கோ ஈயப் பற்றவைப்பு விரிசல் கண்டிருக்கிறது. சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும். ஆறியதும் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து, எஞ்சினை ஓடவிட்டு, இடது பக்க டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டியின் மேல் மகேஸ்வரியின் முடி உலர்த்தும் டிரையரைக் காட்டினேன். ஐந்து நிமிஷம். எஞ்சின் செத்தது. ஆறவிட்டேன். பிழைத்தது. மறுபடியும் காட்டினேன். மறுபடியும் செத்தது.

பாண்டி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே இதைப் பார்த்தான்.  வாளியை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

 அன்றைக்குப் பெட்ரோல் இருந்திருக்கிறது. மாமா ஊற்றிய ஒரு கேனால் முள் பாதிக்கு மேல் ஏறாது, அதற்குப் பிறகு யாரும் ஊற்றவும் இல்லை. மாமா ஊற்றியதால் கார் கிளம்பவில்லை. அவர் போன நேரத்தில் வெயில் தாழ்ந்து பெட்டி ஆறியிருந்தது. என் தம்பி மேல் குற்றமே இல்லை. ஒரு வருஷமாகத் தலை குனிந்து நடக்கிறானே என்று இருந்தது. அந்த நேரத்தில் அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

5

தேனியில் இசிஎம் சரி செய்யும் கடை ஒன்று இருப்பதாகச் சின்னமனூர் மெக்கானிக் சொன்னார். பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, நாலு போல்ட்டைக் கழற்றி, பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாடியில் ஒற்றை அறை. மேசை நிறைய பலகைகள். நடத்துபவர் சிந்து என்று ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். குமுளிப் பக்கத்து மலையாளி, கல்யாணமாகித் தேனிக்கு வந்தவர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் சிரித்தார்.

"அப்போ நீங்களே பண்ணலாமே, சேட்டா."

"எங்க ஊர்ல யாரும் பலகையைத் தொடறதில்ல. பெட்டியோட தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுவோம்."

பெட்டியைத் துணியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். மூடியின் ஓரத்தைச் சூடு காட்டி இளக்கி, மெல்லத் திறந்தார். மூடியின் உட்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினார்.

"இது நான் திறந்த பெட்டியாச்சே."

மூடிக்குள் மார்க்கர் பேனாவில் அவர் கையெழுத்து, எங்கள் கார் நம்பர், மாதம். போன வருஷம் மார்ச். அம்மா இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு.

"ஒரு தம்பி கொண்டு வந்தாரு. ஓடைப்பட்டியோ அந்தப் பக்கமோ. திராட்சை கொஞ்சம் கொண்டு வந்து கொடுத்தாரு, அதான் ஞாபகம். தற்காலிகமா ரெண்டு இடத்துல பத்த வச்சுக் கொடுத்தேன். பலகை அடுக்குக்குள்ளயே விரிசல், இது நிக்காது, வேற பலகை போட்டே ஆகணும்னு சொன்னேன். வெயில்ல தூரமாப் போகாதீங்கன்னும் சொன்னேன். அண்ணன் கனடாவுல இதே வேலை பாக்குறாரு, கேட்டுட்டு வரேன்னு போனாரு. அப்புறம் வரல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த அண்ணன் நீங்களா?"

ஆமாம் என்றேன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மறந்து போயிருந்தது என்று சொன்னால் பொய். ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன் என்பதுதான் சரி. போன வருஷம் மார்ச்சில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பாண்டி கூப்பிட்டான். கார் ஓடும்போதே நின்றுவிடுவதாகவும், தேனியில் காட்டியதில் கம்ப்யூட்டர் போய்விட்டது என்கிறார்கள் என்றும் சொன்னான். நான் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"கம்ப்யூட்டர்லாம் அவ்வளவு லேசுல போகாது பாண்டி. எத்தனை பஸ் பாக்குறேன் நான். ஒண்ணும் தெரியாதவங்க கடைசியா அதைத்தான் கை காட்டுவாங்க. பெட்ரோல் பம்பை மாத்து, சரியாயிரும். மிச்சத்தை நான் மே மாசம் வந்து பாத்துக்கிறேன்."

ஆறினதும் கிளம்புகிறதா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். டிப்போவில் எந்த டிரைவரிடமும் முதலில் கேட்கிற கேள்வி அது. தம்பியிடம் கேட்க எனக்கு நேரமில்லை. விரல் விறைத்துப் போயிருந்தது.

அதற்குப் பிறகு பெட்ரோல் தீர்ந்த கதை வந்தது. அதை நான் எப்படி வாங்கி வைத்துக்கொண்டேன் என்று இப்போது யோசிக்கிறேன். பஸ் ஒன்று நின்றுபோனால் நூறு கேள்வி கேட்கிறவன், அம்மா இருந்த கார் நின்றதற்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சிந்து வேலையைத் தொடர்ந்தார். அதே எண் கொண்ட பெட்டி ஒன்று மதுரையில் உடைத்த வண்டியிலிருந்து வரவழைக்க இரண்டு நாள் ஆகும் என்றார். எங்கள் பலகையிலிருந்து எட்டுக்கால் உள்ள ஒரு சின்னச் சில்லை எடுத்து அதில் வைத்தால்தான் எங்கள் சாவியை அது அடையாளம் கண்டுகொள்ளும். அந்தச் சில்லைக் காட்டினார். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது.

கிளம்பும்போது அம்மா போன விதத்தைச் சொன்னேன். "அய்யோ. நான் அவர் நம்பரை வாங்கி வச்சிருக்கணும், திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்" என்றார். ஒரு தப்பும் செய்யாத அவருக்கு அந்த நினைப்பு இருந்தது.

6

பாண்டி தோட்டத்தில், திராட்சைப் பந்தலுக்கு அடியில் கொடி கட்டிக்கொண்டிருந்தான். நான் வருவதைப் பார்த்ததும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். தேனிக்குப் போனேன் என்று மட்டும்தான் சொன்னேன்.

"அந்தக்கா சொல்லிருச்சா?"

"ஏன்டா நீ சொல்லல?"

"எப்பச் சொல்றது? பெட்ரோல்கூடப் பாக்க மாட்டியான்னு போன்ல கேட்டப்பச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா வீட்டுக்குள்ள கிடக்கு. நீ வேற வர முடியாம அங்கன கிடந்து தவிக்கிற. அந்நேரம் உங்கிட்ட, நீ சொன்னதைக் கேட்டதாலதான்னு எப்படிண்ணே சொல்ல?"

"அப்புறமாவது."

"அப்புறம் நாள் போயிருச்சு. நாள் கழிச்சுச் சொன்னா, தப்பிக்கறதுக்கு அண்ணன் மேல போடுறான்னு பேசுவாக. மகேசுக்குத் தெரியும். அவதான் அப்பாட்டச் சொல்லிருவோம்னு ரெண்டு தடவ கிளம்புனா. நாந்தான் விடல."

"ஏன் விடல?"

தோளில் கிடந்த கயிற்றை இழுத்துச் சரிசெய்தான். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"மாமா உறவை வெட்டுனாலும் நாங்க ரெண்டு பேரும் ஒரே தாலுகா. ரேஷன் கடையில, கோயில்ல எங்கயாச்சும் மூஞ்சியப் பாத்துக்கிறோம். என்னைக்காவது சரியாகும். உன்ன வெட்டுனாகன்னா நீ வரவே மாட்ட. எனக்கும் வேற யாரு இருக்கா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பம்பை மாத்துனியா?"

"மாத்துனேன். நீ சொன்ன மறுநாளே மாத்துனேன். ஒரு வாரம் நிக்காம ஓடுச்சு. அண்ணன் சொன்னது சரின்னு அம்மா ஊரெல்லாம் சொல்லுச்சு." கயிற்றை எடுத்து மறுபடி கொடியைக் கட்ட ஆரம்பித்தான். "அந்த ஒரு வாரம் மழை மேகமா இருந்துச்சுண்ணே. வெயிலே இல்ல."

மாமாவிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றான். நீ பத்து நாளில் கிளம்பிவிடுவாய், அதற்குப் பிறகு கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது நான்தான் என்றான். மகேஸ்வரி டீ கொண்டுவந்து எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "போய்ச் சொல்லுங்க மச்சான்" என்றாள். பாண்டி அடுத்த கொடிக்கு நகர்ந்தான்.

7

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. மாட்டி, டிரையரை அரை மணி நேரம் காட்டினேன். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் முன்பு செய்திருக்க வேண்டியது. போல்ட்டை முறுக்கி முடிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தக் காரிலேயே மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். மாமா வயல் ஓரம், மோட்டார் ரூமுக்கு வெளியே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். கார் சத்தம் கேட்டுத் திரும்பியவர் முகம் மாறிவிட்டது.

"வேற வண்டி கிடைக்கலையா மாப்ள, ஒனக்கு?"

நின்றுகொண்டே சொன்னேன். கார் சூட்டில் நிற்பதையும், ஆறினால் ஓடுவதையும், அவர் ஊற்றிய பெட்ரோலால் அது கிளம்பவில்லை என்பதையும் சொன்னேன். டேங்கில் அன்றைக்குப் பெட்ரோல் இருந்தது என்றேன்.  அவருடைய கை சேரின் பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"அந்தப் பொட்டி போயிருச்சுன்னு பாண்டிக்கு முன்னக்கூட்டியே தெரியுமா?"

"தெரியும். தேனியில சொன்னாக. எங்கிட்டக் கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"பொட்டி போயிருக்காது, பம்பை மாத்துன்னு சொன்னேன்."

"நீ அங்கன அந்த வேலைதான பாக்குற?"

"ஆமா மாமா."

 மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க அக்கா எங்க போனாலும் சொல்லும். கல்யாண வீடு, எழவு வீடு, எங்கயும். எம் மகன் பஸ்ஸுக்கு மூளை வைத்தியம் பாக்குறவன்னு."

நான் அவர் காலில் விழக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"ஒரு வருஷமா எம் பிள்ளைய நான் பாக்கல" என்றார். மகேஸ்வரியைச் சொன்னார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "காரைத் தள்ளி நிறுத்து. டிராக்டர் வரணும்."

தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவர் வரப்பில் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

8

திதி அன்றைக்கு மாமா வந்தார். இரண்டு தார் பழமும் இலைக் கட்டும் ஆட்டோவில் வந்திறங்கின. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். மகேஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐயர் எள்ளும் தண்ணியும் விடச் சொன்னபோது பாண்டியின் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். மாமா பாண்டிக்குப் பின்னால், அவனுடைய தோளைத் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தார்.

பந்தியில் நாற்பது பேர் இருப்பார்கள். பாண்டி சாம்பார் வாளியோடு வந்தான். மாமா வாளியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "உக்காருய்யா. நீயும் சாப்பிடு" என்று பக்கத்தில் இடம் காட்டினார். பிறகு பொதுவாக, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அன்னைக்கு வண்டியில பெட்ரோல் இருந்துச்சு. நாந்தான் தப்பாச் சொன்னேன். இனிமே எவனும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

அப்படியானால் கார் ஏன் நின்றது என்று யாரோ கேட்டார்கள். மாமா இலையை மூடிவிட்டு எழுந்தார். என் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அதனால் நானே சொன்னேன். எழுந்து நின்று, முதலிலிருந்து சொன்னேன். சொல்லி முடித்ததும் எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். சித்தி முறையில் ஒருத்தர் மட்டும், "சரி, உக்காரு, இலை காயுது" என்றார்.

காரைத் தேவதானப்பட்டிக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். பெட்டி மாற்றியதை அவரிடம் சொல்லி, பழைய பெட்டியையும் கொடுத்தேன். பாண்டி சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான். மகேஸ்வரி அந்த வாரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்குப் போய்ப் பத்து நாள் இருந்தாள்.

வினிபெக் திரும்பியதும் மனைவியிடமும் மகளிடமும் இதைச் சொன்னேன். யாழினி கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "சித்தப்பா எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்டாள். சித்தப்பா என்ற சொல்லை அவள் வாயில் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. இப்போது அவ்வப்போது அவனுக்கு மெசேஜ் அனுப்புகிறாள். அவன் தமிழில் எழுதுவதை என்னிடம் காட்டாமல் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவேன். மாமா இப்போதெல்லாம் அந்த நேரத்தில் அங்கேதான் இருக்கிறார். துண்டு தெரியும், இருமல் கேட்கும், ஆள் கேமராவுக்கு முன்னால் வரமாட்டார். போன வாரம் மகேஸ்வரி போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, பாண்டியைக் கூட்டிவரப் போனாள். மாமா அது தெரியாமல் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப இளைத்திருந்தார்.

"மாமா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போகவில்லை. கையை நீட்டிப் போனை மேசை மேல் குப்புறக் கவிழ்த்தார். திரை இருண்டது. அதற்குப் பிறகு அவருடைய குரல் மட்டும் கேட்டது.

"பாண்டி, ஒங்கண்ணன் லைன்ல இருக்கான்."

பாண்டி தோட்டத்திலிருந்து வரும்வரை நான் லைனில் இருந்தேன்.